அப்பாவுக்கு இரண்டு பக்கமும் குடலிறக்கம்: துளை போட்டுச் செய்வதா, கிழித்துச் செய்வதா, அறுப்பு வரை காத்திருப்பதா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பாவுக்கு 61 வயது, நீடாமங்கலம் பக்கத்தில் நாலு ஏக்கர் சம்பா நிற்கிறது. வலது தொடை இடுக்கில் மூன்று வருடமாகக் குடலிறக்கம் (ஹெர்னியா), ஆறு மாதமாக இடது பக்கமும் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைக்கிறது. வலது பக்கத்தது நின்றால் விரைப்பை வரை இறங்குகிறது, படுத்துக் கையால் தள்ளினால் உள்ளே போகிறது, ஆனால் முன்பு போலச் சட்டென்று போவதில்லை, கொஞ்ச நேரம் போராட வேண்டியிருக்கிறது, வலியும் உண்டு. ஒரு டாக்டர் கிழித்துப் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைக்கலாம், முதலில் வலது, மூன்று மாதம் கழித்து இடது என்றார். இன்னொருவர் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு, இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றார். அப்பா அறுப்பு முடியட்டும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வலை வைத்தால் புற்றுநோய் வரும், அப்புறம் மூட்டையே தூக்க முடியாது என்று சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். பிரஷர் மாத்திரை, பீடி, ராத்திரியில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பது, இவையெல்லாம் போக நீங்கள் வேறு ஊரில் இருந்துகொண்டு போனிலேயே முடிவெடுக்க வேண்டிய நிலை.

நான் டெல்டாவில்தான் இருபது வருடத்துக்கு மேலாக அறுவை சிகிச்சை செய்கிறேன், அரசு மருத்துவமனையிலும் இருந்தேன், இப்போது தனியாக. குடலிறக்கத்தை இரண்டு முறையிலும் செய்கிறேன், அதனால் ஒன்றை உயர்த்தி இன்னொன்றை மட்டம் தட்ட எனக்கு அவசியம் இல்லை. அப்பாவைப் படுக்கவைத்துப் பார்க்காமல் கடைசி வார்த்தை சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்து என் கருத்து இது: அவருக்கு லேப்ராஸ்கோப்பி பொருத்தம், அதுவும் அறுப்புக்கு முன்னாடியே. ஒரே நிபந்தனை, செய்கிறவர் அதை வாடிக்கையாகச் செய்கிறவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், கிழித்து நன்றாகச் செய்கிறவரிடம் போய்விடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகும், பிறப்பதற்கு முன் மெதுவாகக் கீழே இறங்கி விரைப்பைக்கு வரும். வந்த வழி தொடை இடுக்கில் சாய்வாக ஒரு சுரங்கம் மாதிரி, பெரியவர்களுக்கு நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும், அதன் வழியாகத்தான் விந்துக்குழாயும் ரத்தக் குழாய்களும் போகின்றன. சில பேருக்கு அந்த வழி சரியாக மூடியிருக்காது, பல வருடம் கழித்து அதில் குடல் நுழையும். இன்னும் சில பேருக்கு வயதாக ஆக அந்தச் சுரங்கத்தின் பின்சுவரே நைந்துபோய் நேராகப் புடைத்துக்கொண்டு வரும். மூன்றாவது ஒரு ஓட்டை இன்னும் கீழே, காலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில். ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று பலவீனமான இடங்கள், மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆண்களில் நாலில் ஒருவருக்கு மேல், கணக்காகச் சொன்னால் நூறுக்கு 27 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவை இது வந்து ஆபரேஷன் வரை போகிறது, பெண்களில் நூறுக்கு 3 பேர். மூட்டை தூக்கியதால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் கணக்குப்பிள்ளைக்கும் வருகிறது, பட்டறையில் உட்கார்ந்தே இருக்கும் ஆளுக்கும் வருகிறது. இடம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறது. இருமலும் முக்கலும் சுமையும் அதைச் சீக்கிரம் வெளியே காட்டிவிடுகின்றன.

இப்போது வயலுக்கு வாருங்கள். வரப்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் கீழ் வயலுக்குக் கசிகிறது. வெளிப்பக்கம் தண்ணீர் வரும் இடத்தில் ஒரு கூடை மண்ணை அப்பினால் என்ன ஆகும்? நிற்கும், ஆனால் தண்ணீர் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அனுபவப்பட்ட ஆள் தண்ணீர் நிற்கிற பக்கம் இறங்கி, காலால் துழாவி உள்வாயைக் கண்டுபிடித்து, அங்கே மிதித்து அடைப்பார். அப்புறம் தண்ணீரின் அழுத்தமே அந்த அடைப்பை வரப்போடு சேர்த்து அமுக்கும். கிழித்துச் செய்யும் முறையில் வலையை வெளிப்பக்கச் சுவரில் வைக்கிறோம், அதனால் அதைத் தைத்துப் பிடிக்க வைக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் அதே வலையை உள்பக்கத்தில், தசைச் சுவருக்கும் குடலை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவில் விரிக்கிறோம், வயிற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு வைத்து அமுக்கும். கூடவே இன்னொரு லாபம், 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வலை ஒன்று அந்த மூன்று ஓட்டைகளையும் ஒரே விரிப்பில் மூடிவிடும். இந்த யோசனை கேமரா வருவதற்கு முன்னாடியே இருந்தது, ரெனே ஸ்டோப்பா என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரிய வலையை உள்பக்கம் விரித்து இதைத்தான் செய்தார், ஆனால் அதற்கு அடிவயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தது. கேமரா வந்ததும் அதே வேலையை மூன்று துளையில் செய்ய முடிந்தது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் உங்களுக்குப் பயம் போகும். முழு மயக்கம் கொடுத்த பிறகு தொப்புளுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெட்டு. வயிற்றுக்குள் போகாமல் தசைக்குப் பின்னால் நழுவிப் போக வேண்டும், அங்கே ஒரு பலூனை ஊதி இடம் உண்டாக்குவோம். இதற்கென்று விற்கும் பலூன் விலை அதிகம் என்பதால் நம்மூரில் பல தியேட்டர்களில் நர்ஸ் அம்மா அறுவை சிகிச்சைக் கையுறையின் இரண்டு விரல்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி, உறிஞ்சு குழாயின் முனையில் பட்டு நூலால் இறுக்கிக் கட்டித் தருவார், அதில் சலைன் ஏற்றினால் வேலை முடிந்தது. அப்புறம் கரியமில வாயுவை 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு விட்டுக் கேமராவை நுழைத்தால், நூலாம்படை போல வெள்ளை இழைகள் திரையெங்கும் தொங்கும். அதை விலக்கிக்கொண்டே போனால் அடியில் இடுப்பெலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதுதான் எங்களுக்குக் கோடியக்கரைக் கலங்கரை விளக்கம், அது கண்ணில் பட்டுவிட்டால் ரத்தக் குழாய் எங்கே, சிறுநீர்ப்பை எங்கே என்று வழி தெரிந்துவிடும். குடலிறக்கப் பையை விந்துக்குழாயிலிருந்தும் ரத்தக் குழாய்களிலிருந்தும் நுங்குத் தோல் உரிப்பது போலப் பொறுமையாக உரித்து மேலே தள்ள வேண்டும், நேரம் பிடிப்பது இந்த இடத்தில்தான், அவசரப்பட்டால் கிழிவதும் இங்கேதான். உரித்து முடித்தபின் வலையைப் பாய் மாதிரி சுருட்டி 10 மில்லிமீட்டர் குழாய் வழியாக உள்ளே விட்டு, அங்கே விரித்து, நாலு மூலையும் மடங்காமல் படிய வைப்போம். கடைசியில் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்போது வலையின் கீழ் ஓரம் சுருண்டுகொள்ளாமல் கருவியால் பிடித்துக்கொள்வேன். சவ்வு மெதுவாகக் கீழிறங்கி வலையின் மேல் படுத்துக்கொள்வது திரையில் தெரியும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. இடது பக்கத்துக்கும் அதே மூன்று துளைதான், கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆகலாம், புது வெட்டு எதுவும் வராது. இரண்டு பக்கம் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கிழித்துச் செய்தால் இரண்டு வெட்டு, அதுவும் உங்கள் டாக்டர் சொன்னபடி இரண்டு தடவை என்றால் இரண்டு மயக்கம், இரண்டு ஓய்வு, இரண்டு தடவை ஆள் கூலி.

மேலே சொன்னது வயிற்றுக்குள் நுழையாமல் செய்யும் வகை, எங்களுக்குள் டெப் என்போம். டாப் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் வயிற்றுக்குள் நுழைந்து உள்ளிருந்து சவ்வைத் திறந்து, வலையை வைத்து, சவ்வைத் திரும்பத் தைத்துவிடுவார்கள். டாப்பில் குடலின் நிலையை நேரில் பார்க்கலாம், இடமும் தாராளம், பெரிதாக இறங்கியதற்கும் சிக்கிக்கொண்டதற்கும் வசதி. எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள், செய்கிறவருக்கு எது பழக்கமோ அது நல்லது. உங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் விரைப்பை வரை இறங்குவதால் டாப் என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பழக்கம் என்று சொன்னேனே, அதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழித்துச் செய்வதை ஒரு இளம் டாக்டர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். உள்பக்கமிருந்து பார்க்கும்போது எல்லாம் தலைகீழ், படித்த உடற்கூறு உதவாது, கை ஓட ஐம்பதிலிருந்து நூறு ஆபரேஷன் வரை ஆகும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. என் கதையைச் சொல்கிறேன். ஆரம்ப நாட்களில், பத்தாவதோ பதினொன்றாவதோ இருக்கும், பையை உரிக்கும்போது சவ்வைக் கிழித்துவிட்டேன். வாயு வயிற்றுக்குள் போய் அது உப்பிக்கொள்ள, எனக்கு இருந்த இடமே சுருங்கிவிட்டது. ஒன்றே கால் மணி நேரம் போராடிவிட்டுக் கடைசியில் கிழித்துத்தான் முடித்தேன். வெளியே வந்து சொன்னபோது அந்த வீட்டு அம்மா, ‘கேமரா காசு வாங்கிட்டுக் கத்தியால கிழிச்சிருக்கீங்களே டாக்டரய்யா’ என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நோயாளி நன்றாகத்தான் தேறினார், கேமரா காசையும் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அன்றிலிருந்து ஆபரேஷனுக்கு முன்னாடியே, தேவைப்பட்டால் கிழிப்பேன், அது தோல்வி அல்ல என்று வாயால் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: டாக்டர், நீங்கள் மாதத்துக்கு இதுபோல எத்தனை செய்கிறீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்வீர்களா, நடுவில் எத்தனை தடவை கிழிக்க வேண்டி வந்தது? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கிழித்துச் செய்வது பழங்காலத்து முறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980களில் அமெரிக்காவில் கொண்டுவந்த வலை முறைதான் இன்றும் உலகம் முழுக்க அதிகம் பேருக்குப் பழக்கமான ஒன்று. அதற்கு முழு மயக்கமே வேண்டியதில்லை, முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தும் செய்யலாம். இதயம் பலவீனமான எண்பது வயதுத் தாத்தாவுக்கு நான் அதைத்தான் செய்வேன், அவர் பேசிக்கொண்டே படுத்திருப்பார். புரோஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில், புற்றுநோய் வந்து ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், அடிவயிற்றில் கதிர்வீச்சு எடுத்தவர்கள், இவர்களுக்கும் உள்பக்கம் ஒட்டிப்போயிருக்கும், வெளியிலிருந்து செய்வதே பாதுகாப்பு. முன்பு லேப்ராஸ்கோப்பியில் செய்து திரும்ப வந்தால் வெளியிலிருந்து செய்வார்கள், முன்பு கிழித்துச் செய்து திரும்ப வந்தால் உள்ளிருந்து செய்வார்கள், கை படாத பக்கத்திலிருந்து போவதுதான் கணக்கு. குழந்தைகளுக்கு வலையே கிடையாது, பையைக் கட்டிவிட்டால் போதும். திரும்ப வரும் வாய்ப்பைப் பொறுத்தவரை, நல்ல கையில் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். லேப்ராஸ்கோப்பிக்கு உள்ள நிஜமான அனுகூலம் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், மாதக்கணக்கில் இழுக்கும் எரிச்சலும் மரமரப்பும் குறைவு என்பதுதான். குடலோ சிறுநீர்ப்பையோ ரத்தக் குழாயோ காயப்படுவது இரண்டிலும் அபூர்வம், ஆனால் நடந்தால் உள்ளிருந்து செய்யும்போது நடப்பது பெரிய விஷயம், இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, அறுப்பு வரை காத்திருக்கலாமா? 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தொந்தரவு இல்லாத, அல்லது மிகக் குறைவான தொந்தரவு உள்ள 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்தார்கள், இன்னொரு பாதியைச் சும்மா கவனித்தார்கள். கவனித்தவர்களில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே தொந்தரவே இல்லாதவர் அவசரப்பட வேண்டியதில்லை, அது உண்மை. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது பத்து வருடத்தில் நூறுக்கு 68 பேர், பெரும்பாலும் வலி காரணமாக, ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் தம்பி, உங்கள் அப்பா அந்த ஆய்வில் சேர்ந்திருக்கவே மாட்டார். வலி இருக்கிறது, விரைப்பை வரை இறங்குகிறது, உள்ளே தள்ளப் போராட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை அவருக்குப் போடக்கூடாது.

ஒரு தை மாதம், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிற ஒருவரை ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுவந்தார்கள். வருடக்கணக்காகக் கோவணத்தை இறுக்கிக் கட்டி அதற்குள் அமுக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தவர். காலையில் லாரியில் ஏற்றும்போது இறங்கியது உள்ளே போகவில்லை, மத்தியானம் வாந்தி, யாரோ எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். நான் திறந்து பார்த்தபோது குடல் கருநாவல் நிறத்தில் இருந்தது, வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தும் நிறம் திரும்பவில்லை, ஒரு முழம் வெட்டி எடுத்து இணைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் பதினாறு நாள் வார்டில் கிடந்தார். ஆகவே இதை அம்மாவிடம் சொல்லி வையுங்கள், அப்பாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை: புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி கெட்டியாகி, தொட்டால் வலித்து, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் எண்ணெய் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், 108ஐக் கூப்பிட வேண்டியதுதான். மணிக்கணக்கில்தான் அவகாசம்.

இடையில் ஒன்று. வீட்டில் வயதான பெண்கள் யாராவது இரண்டு நாளாக வாந்தி, வயிறு உப்புசம் என்றால் தொடை இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்த மூன்றாவது ஓட்டை பெண்களுக்குத்தான் அதிகம் தொல்லை கொடுக்கும், சின்னதாக நெல்லிக்காய் அளவில் இருக்கும், சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். புடவைக்குள் இருப்பதை ஆச்சி சொல்ல மாட்டார், கேட்கிறவரும் கேட்பதில்லை. பெண்களுக்குக் குடலிறக்கம் என்றால் தள்ளிப்போடாமல், முடிந்தவரை லேப்ராஸ்கோப்பியிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்பா விஷயத்தில் மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இப்போது ஐப்பசிக் கடைசி. நடவு முடிந்து பயிர் தூர் கட்டி நிற்கிறது, உரம் தெளிக்கவும் தண்ணீர் கட்டவும் ஆள் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்குப் பீடியை நிறுத்தினால் நாலு வாரத்தில், கார்த்திகைக் கடைசியில், ஆபரேஷன். தை மாதம் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும், அவர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கலாம், களத்தில் பேரம் பேசலாம். அறுப்பு வரை காத்திருந்தால் என்ன நடக்கும் என்று நான் வருடா வருடம் பார்க்கிறேன்: அறுப்பு முடிந்ததும் உளுந்து, உளுந்து எடுத்ததும் கோயில் திருவிழா, அதற்குள் ஜூன் 12 மேட்டூர் திறந்துவிடுவார்கள், குறுவைக்கு நாற்றங்கால் விட வேண்டும். விவசாயிக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று தானாக வராது.

வலைக்கு வருகிறேன், பெரியப்பாவின் கேள்வி. வலை என்பது பாலிப்ரொப்பிலீன், நைலான் நூல் மாதிரி உடம்பு ஏற்றுக்கொள்கிற பிளாஸ்டிக் இழை. பிரான்சிஸ் அஷர் என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் பிளாஸ்டிக் வலையைப் பற்றி எழுதியதிலிருந்து இன்றுவரை கோடிக்கணக்கானவர்களுக்கு வைத்தாகிவிட்டது, இதனால் மனிதருக்குப் புற்றுநோய் வந்ததாக ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் வலைக்குத் தடை என்று செய்தி வந்ததே என்றால், 2019இல் அங்கே விற்பனையை நிறுத்தியது பெண்களுக்குக் கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. இடம் வேறு, பிரச்சினை வேறு. வலை இல்லாமலும் செய்யலாம், 1880களில் இத்தாலியில் எடோர்டோ பாசினி தசையை இழுத்துத் தைத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஆனால் நைந்த துணியை நைந்த துணியோடு இழுத்துத் தைத்தால் தையல் போட்ட இடத்திலேயே கிழியும் அல்லவா, அதனால்தான் ஒட்டுப் போடும் யோசனையே வந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. மகாராஷ்டிராவில் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற மருத்துவர், ஏழைகளுக்கு இறக்குமதி வலை கட்டுப்படியாகவில்லை என்று கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, குடலிறக்கத்துக்கு வைத்தார். கேலி செய்தவர்கள் உண்டு. பின்னால் உகாண்டாவில் சுமார் 300 ஆண்களுக்குக் கொசுவலையையும் கம்பெனி வலையையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது, ஒரு வருடத்தில் இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. வீட்டுக் கொசுவலையைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள், மருந்து தோய்க்காத துணியை முறைப்படி கிருமி நீக்கிச் செய்தது அது. நான் சொல்ல வருவது வேறு. விலை உயர்ந்த வலை என்றால் பலன் உயர்ந்தது என்று யாராவது பட்டியல் நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

அதேபோல டேக்கர். வலையைச் சுவரில் ஆணி அடிப்பது போலப் பிடிக்க வைக்கும் கருவி, சில பில்களில் வலையை விட இதன் விலை அதிகம் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை, முன்பு சொன்னது போல வயிற்றின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். பின்சுவரில் நேராகப் பெரிய ஓட்டை இருந்தால் தேவைப்படலாம். அடித்தாலும் ஒரு எல்லைக்குக் கீழே அடிக்கக்கூடாது, அங்கே நரம்புகளும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன, வலி முக்கோணம், மரண முக்கோணம் என்றே அந்த இடங்களுக்கு எங்கள் பாடத்தில் பெயர். டேக்கர் போடுவீர்களா, எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

பணத்தைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டையும் ஆதாருமாகக் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். டெல்டாவில் முன்பு எதற்கெடுத்தாலும் தஞ்சாவூர் மெடிக்கல்தான், இப்போது திருவாரூரில் 2010இலிருந்தும் நாகப்பட்டினத்தில் 2022இலிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீடாமங்கலத்துக்குத் தஞ்சாவூரும் திருவாரூரும் இரண்டும் பஸ் தூரம்தான். அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே போய், லேப்ராஸ்கோப்பியில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யும் யூனிட் எது, அவர்களுக்கு எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆபரேஷனுக்கு முன் மூன்று விஷயம். பீடி, இதில் பேரமே இல்லை, ஆபரேஷனுக்கு மறுநாள் வரும் இருமல் ஒவ்வொன்றும் அவருக்கு வலி, நெஞ்சில் சளி கட்டினால் மயக்க மருந்து டாக்டருக்குத் தலைவலி. இரண்டாவது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது. அது பெரும்பாலும் புரோஸ்டேட் வீக்கமாக இருக்கும், முக்கி முக்கிச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தால் மயக்கம் தெளிந்ததும் அடைத்துக்கொண்டு, குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டி வரும். ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்து, மாத்திரையில் சரியாகிறதா என்று முதலில் கவனிக்கட்டும். மூன்றாவது மலச்சிக்கல், கீரையும் வாழைத்தண்டும் தண்ணீரும் போதவில்லை என்றால் மருந்து கேட்டு வாங்குங்கள். பிரஷர் மாத்திரையை ஆபரேஷன் அன்று காலை போடுவதா வேண்டாமா என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறார் என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பெல்ட் வாங்கிக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெல்ட் ஓட்டையை அடைக்காது, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒரு ஆறுதல், அவ்வளவுதான், அதுவும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

முடிந்து வந்தபிறகு அன்று சாயங்காலமே நடக்க வைப்பார்கள், மறுநாள் வீடு. வாயு முழுதும் வெளியேறும் வரை தோள்பட்டையில் ஒரு வலி வரலாம், ஊரில் இதை நெஞ்சு வலி என்று பயந்து ஓடி வருவார்கள், இரண்டு நாளில் தானாகப் போய்விடும். விரைப்பை நீலம் பாய்ந்து வீங்கலாம், கோவணம் மாதிரித் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டால் போதும். அப்புறம், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு வாரம் பத்து நாளில் முன்பு புடைத்த அதே இடத்தில் திரும்பவும் ஒரு புடைப்பு தெரியலாம். அப்பா உடனே போனைப் போட்டு ‘பாத்தியா, திரும்ப வந்துடுச்சு, காசு போச்சு’ என்பார். அனேகமாக அது குடல் இல்லை, காலியான பையில் ஊறிய நீர். இருமினால் பெரிதாகாது, படுத்தாலும் உள்ளே போகாது. ஆறு எட்டு வாரத்தில் வற்றிவிடும், ஊசி போட்டு எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோகலாம். காய்ச்சல், சிவப்பு, சீழ் இருந்தால் விஷயம் வேறு, உடனே போக வேண்டும். எந்த முறையில் செய்தாலும் நூறில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று மாதம் தாண்டியும் தொந்தரவு தருகிற வலி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், லேப்ராஸ்கோப்பியில் அது குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூட்டை விஷயம்: படி ஏறுவது, சைக்கிள், டீக்கடை எல்லாம் வலி விட்டதும் ஆரம்பிக்கலாம், நாலைந்து நாளிலேயே. வருடக்கணக்கில் படுக்கச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம், வலை வைத்த இடத்துக்கு அது தேவையில்லை. கனமான சுமைக்கு மட்டும் நான் நம்மூர் ஆட்களுக்கு ஆறு வாரம் சொல்வேன். மருத்துவக் காரணம் பாதிதான், இரண்டு வாரம் என்று சொன்னால் நாலாம் நாளே மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்கள். அந்த லோடுமேன், குடல் வெட்டி எடுத்தவர், அடுத்த தை மாதம் அதே கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், எனக்குக் கையாட்டினார். வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.

நாள் முடிவானதும் அப்பா போடும் மாத்திரைகளின் பெயரை எழுதி அனுப்புங்கள், மயக்க மருந்து டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். பீடியை எந்தத் தேதியில் விட்டார் என்பதையும் எழுதுங்கள், அவரைக் கேட்காமல் அம்மாவைக் கேட்டு.